பத்தாவது தனித்தேர்வு: பத்தியைப் படித்துப் பதில் எழுத எப்படிப் பழக்குவது? (வேலூர், ஆம்பூர் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள்)

பேரணாம்பட்டுப் பொண்ணு:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அண்ணிக்காகக் கேட்கிறேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் பிரிவில் இருக்கிறார். கை வேகம், வேலையில் கெட்டி. லைன் சூப்பர்வைசர் வேலைக்குப் பத்தாவது பாஸ் கேட்கிறார்கள் என்பதால் இந்த முறை நேரடித் தனித்தேர்வராகப் பத்தாவது எழுதப்போகிறார். அறிவியல் செய்முறை வகுப்புக்கும் பெயர் பதிந்தாயிற்று.

கணக்கு பரவாயில்லை. சமூக அறிவியல் நன்றாகவே மனப்பாடம் செய்கிறார். சிக்கல் எல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பத்தியைக் கொடுத்துக் கீழே கேள்வி கேட்கிறார்களே, அங்கேதான். தமிழ்ப் பத்தியை நான் படித்துக் காட்டி வாயால் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுகிறார். அவரே படித்து எழுதும்போது ஒன்று, பத்தியில் பாதியை அப்படியே இறக்கி வைக்கிறார். இல்லை, பத்தியில் இல்லாததை எழுதுகிறார். கம்பெனி பஸ் கொண்டுவந்து விடும்போதே இருட்டிவிடும். சமையல், குழந்தைகள் எல்லாம் முடிந்து உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அதற்குள் எதைச் செய்வது?

மாலை வகுப்பு (குடியாத்தம்):
வணக்கம்மா. நான் இங்கே பீடி சுற்றும் பெண்களுக்கும் தறி வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கும் மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். நீங்கள் சொன்ன இரண்டும் ஊர் ஊராக இருக்கிற சிக்கல்தான். உங்கள் அண்ணிக்குப் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். வாயால் சொல்ல முடிகிறதென்றால் புரிந்திருக்கிறது. புரிந்ததில் இந்தக் கேள்விக்கு எவ்வளவு வேண்டும் என்று அளந்து எடுப்பதுதான் பழகவில்லை.

முதலில் மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சமீப ஆண்டுகளின் மாநிலப் பாடத்திட்டத் தாளில், தமிழில் 12 முதல் 15 வரை உள்ள ஒரு மதிப்பெண் வினாக்கள் ஒரு பாடலைக் கொடுத்துக் கேட்பவை. அப்புறம் உரைப்பத்தியைப் படித்து விடையளிக்கும் 3 மதிப்பெண் வினா ஒன்று வரும். ஆங்கிலத்தில் 47ஆம் கேள்வி. ஓர் உரைநடைப் பத்தி, அல்லது ஒரு கவிதை, இரண்டில் எதையாவது எடுத்துக்கொள்ளலாம். நான்கு சிறு கேள்விகள், மொத்தம் 8 மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டியது 35. அதில் 8ஐ மனப்பாடமே இல்லாமல், கையில் இருக்கும் தாளைப் பார்த்தே எடுக்கலாம். ஆங்கிலத்துக்குப் பயப்படுகிறவர்கள் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் நம் ஊரில் கடைசிப் பக்கம் என்று இதைத் தொடாமலே எழுந்து வருகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறாது.

இன்று ஒன்று மட்டும் செய்யுங்கள். அவரிடம் பேனாவைக் கொடுக்காதீர்கள். பத்தியைப் படிக்கட்டும், கேள்வியைக் கேளுங்கள், பதிலைச் சொல்லட்டும். சொன்னதும், "எந்த வரியில் இருக்கு, விரல் வைங்க" என்று கேளுங்கள். விரல் வைக்க முடியாத பதில் வேண்டாம். ஒரு வாரம் இது மட்டும் போதும்.

சிப்காட் ஷிப்ட்:
இவ்வளவு தேவையா என்று தோன்றுகிறது. கடையில் கிடைக்கும் கையேட்டில் முக்கிய வினாக்களை உருப்போட்டால் 35 வந்துவிடும். என் தம்பி அப்படித்தான் பாஸ் செய்தான். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு நேரம் எங்கே இருக்கிறது?

மாலை வகுப்பு (குடியாத்தம்):
தம்பி பாஸ் செய்தது சந்தோஷம். நேரம் இல்லை என்பதால்தான் இதைச் சொல்கிறேன். ஒரு கட்டுரையை உருப்போட எத்தனை ராத்திரி போகிறது என்று கேட்டுப் பாருங்கள். பத்தி வினாவுக்கு உருப்போட எதுவும் இல்லை. பழகிய கை மறக்காது. அவர் கேட்பது சூப்பர்வைசர் வேலை. அங்கே போனால் ஆர்டர் ஷீட்டைப் படித்து, எந்த அளவில் எத்தனை ஜோடி, என்றைக்குள் என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கும். அதுவும் இதே வேலைதான்.

காட்பாடி ஜங்ஷன்:
அக்கா, நான் என் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பத்தியைப் படிக்கும் முன்னாலேயே கேள்விகளைப் படித்துவிட வேண்டும். எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வெறுமனே பத்தியைப் படித்தால் நேரம்தான் வீண்.

மாலை வகுப்பு (குடியாத்தம்):
இங்கே நான் மாறுபடுகிறேன். வேகமாகப் படிக்கிறவர்களுக்கு நீங்கள் சொல்வது சரி. எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்களுக்குக் கேள்வியை முதலில் கொடுத்தால் அந்தக் கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடுகிறார்கள். கிடைத்த இடத்தில் அந்த வரியை அப்படியே எழுதிவிடுகிறார்கள். பதில் அடுத்த வரியில் இருந்தால் போச்சு. பத்தியில் பாதியை இறக்கி வைப்பதாக அந்தப் பெண் சொன்னாரே, அது இப்படி வருவதுதான்.

காட்பாடி ஜங்ஷன்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். என் தங்கையும் மெதுவாகப் படிக்கிறவள்தான். அவளுக்கு இது உதவியது. ஒருமுறை பத்தி, ஒருமுறை கேள்வி, மறுபடி பத்தி என்று மூன்று நடை நடந்தால் என்ன? நேரமும் இருக்கிறது. 10 மணிக்கு வினாத்தாள் கொடுத்தால் 10.10 வரை படிக்க மட்டும்தான். அடுத்த 5 நிமிடம் முகப்புத் தாளைச் சரிபார்க்க. 10.15க்குத்தான் எழுத ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தில் எல்லாரும் முதல் பக்கத்திலிருந்து ஒரு மதிப்பெண் வினாவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் தங்கையை நேராகப் பத்தி வினாவைத் திருப்பிப் படிக்கச் சொன்னேன். பேனா கையில் இல்லாததால் ஒழுங்காகப் படிக்கத்தான் செய்வார்கள்.

மாலை வகுப்பு (குடியாத்தம்):
அந்தப் பத்து நிமிட யோசனை அருமை. எங்கள் பெண்களுக்கும் சொல்கிறேன். மூன்று நடையும் சரி. பத்தியில் தொடங்கினால் போதும், எனக்கு ஆட்சேபம் இல்லை.

பேரணாம்பட்டுப் பொண்ணு:
விரல் வைக்கும் பயிற்சி செய்து பார்த்தோம். நல்ல வித்தியாசம் தெரிகிறது. ஆனால் எழுதச் சொன்னதும் பழைய கதை. அப்படியே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். பத்தி நானே எழுதியது.

"1806ஆம் ஆண்டு ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய வகைத் தலைப்பாகையை அணிய வேண்டும், நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, காதணி அணியக்கூடாது என்ற ஆணைகள் அவர்களை முன்பே புண்படுத்தியிருந்தன. சில மணி நேரத்தில் கோட்டை அவர்கள் கைக்கு வந்தது. ஆனால் கோட்டைக்கு வெளியே இருந்த அதிகாரி ஒருவர் மூலம் ஆற்காட்டுப் படைமுகாமுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்து அன்றே கோட்டையை மீட்டார்."

கேள்வி 1: சிப்பாய்களைப் புண்படுத்திய ஆணைகள் எவை?
அண்ணி எழுதியது: "தலைப்பாகையில் விலங்குத் தோல் வைத்தார்கள். தாடியை எடுக்கச் சொன்னார்கள். திப்பு சுல்தானின் மகன்கள் கோட்டையில் இருந்தார்கள்."

கேள்வி 2: கோட்டை அன்றே மீட்கப்பட்டதற்குக் காரணம் என்ன?
அண்ணி எழுதியது: "சில மணி நேரத்தில்" என்பதிலிருந்து கடைசி வரி வரைக்கும் அப்படியே.

கேள்வி 3: தலைப்பு.
எழுதியது: "வேலூர்க் கோட்டை."

மாலை வகுப்பு (குடியாத்தம்):
இப்படி எழுதியதை அப்படியே போட்டது நல்லது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதிலில் அவர் எழுதிய எதுவும் பொய் இல்லை. புதிய தலைப்பாகையில் தோலால் ஆன சின்னம் இருந்தது, தாடி விஷயத்திலும் ஆணை இருந்தது, திப்புவின் மகன்கள் அந்தக் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். எல்லாம் சமூக அறிவியல் பாடத்தில் படித்தது. அவர் நல்ல மாணவி என்பதற்கு இது சாட்சி. ஆனால் இந்தப் பத்தி சொல்வது தலைப்பாகை, நெற்றிக் குறி, காதணி, இந்த மூன்றை மட்டும். திருத்துகிறவர் பத்தியை வைத்துத்தான் மதிப்பெண் போடுவார். தெரிந்த விஷயம் பத்தியாக வரும்போதுதான் ஆபத்து அதிகம் என்று சொல்லுங்கள். கோட்டையைப் பற்றி நமக்குத் தெரியாதா என்று மனசு தானாக எழுத ஆரம்பிக்கும். வேலூர்க்காரர்களுக்கு இது இன்னும் கூடுதலாக இருக்கும்.

இரண்டாவது. காரணம் கேட்டால் ஒரே வாக்கியத்தில், "...ததால்" என்று முடிகிற மாதிரி சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். "ஆற்காட்டுக்குச் செய்தி போய், கில்லெஸ்பி குதிரைப்படையுடன் விரைந்து வந்ததால் கோட்டை அன்றே மீட்கப்பட்டது." அவ்வளவுதான். சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்த வரி இந்தக் கேள்விக்குச் சம்பந்தமே இல்லை. "ஆனால்" என்ற சொல்லைப் பாருங்கள். அந்த இடத்தில் கதை திரும்புகிறது. பத்தியில் ஆனால், எனினும், ஆகவே, இதனால் வந்தால் பென்சிலால் வட்டம் போடச் சொல்லுங்கள். கேள்வி கேட்கிறவர்களுக்கு அந்த இடங்கள்மேல்தான் கண்.

மூன்றாவது, தலைப்பு. வேலூர்க் கோட்டை என்றால் அகழி, ஜலகண்டேஸ்வரர் கோயில் எல்லாம் வந்துவிடுகிறது. பத்தி முழுக்க எதைப் பற்றிப் பேசுகிறது? கிளர்ச்சி. "வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சி" என்று எழுதலாம். தலைப்பைப் படித்தால் பத்தியில் பாதி வரி வெளியே நிற்கக்கூடாது. அதே நேரம், பத்தியில் இல்லாத விஷயமும் உள்ளே நுழையக்கூடாது.

ஆற்காட்டுத் தமிழய்யா:
நானும் ஒன்று சேர்க்கிறேன். தமிழ்ப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். நீள வாக்கியம் வந்தால் பிள்ளைகள் முதல் சொல்லிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டே போய் நடுவில் தொலைந்துபோகிறார்கள். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் நிற்கிறது. அதனால் கடைசிச் சொல்லை முதலில் பிடிக்கச் சொல்லுங்கள். பிடித்துவிட்டு, இதைச் செய்தது யார் என்று பின்னோக்கிப் போக வேண்டும்.

ஒரு வாக்கியம் தருகிறேன். "ஏரி நிரம்பி வழிந்தபோது கலங்கல் பக்கம் மீன் பிடிக்கப் போன சிறுவர்களைக் கரையில் நின்றிருந்த பெரியவர் தடுத்தார்." தடுத்தது யார் என்று கேட்டால் நிறையப் பேர் சிறுவர்கள் என்கிறார்கள், முதலில் கண்ணில் பட்ட ஆள் அதுதான். "தடுத்தார்" என்பதைப் பிடித்து, "ஆர்" விகுதியைப் பார்த்தாலே ஆள் பெரியவர் என்று தெரிந்துவிடும். "சிறுவர்களை" என்பதில் "ஐ" ஒட்டிக்கொண்டிருக்கிறது, தடுக்கப்பட்டவர்கள் அவர்கள். வேற்றுமை உருபு என்று இலக்கணமாகச் சொன்னால் அந்த அம்மா பயந்துவிடுவார். "ஐ ஒட்டினவன் வாங்கிக்கிறவன்" என்று சொல்லிக்கொடுங்கள், மறக்காது.

பாடல் வினாவுக்கும் ஒரு வார்த்தை. செய்யுளைச் சீர் சீராகப் படிக்காமல் சந்தி பிரித்து, பேச்சு வாக்கியமாக மாற்றிச் சொல்லிப் பார்க்க வேண்டும். நான்கு கேள்வியில் ஒன்று எதுகை, மோனை, இலக்கணக் குறிப்பு என்று வரும். அதற்குப் பொருளே தேவையில்லை, எழுத்தைப் பார்த்தாலே போதும். பாடல் புரியவில்லை என்று நான்கையும் விட்டுவிடக்கூடாது.

வாணியம்பாடி வாசகி:
இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் பேசுவது உருது. தமிழ் எனக்குத் தெருவிலும் கடையிலும் வந்த மொழி. பேசுவேன், ஆனால் அச்சில் இருப்பதைப் படிக்கும்போது வேறு மொழி போலத் தெரியும். "சென்றனர்", "கண்டனர்" என்றெல்லாம் யாரும் என்னிடம் பேசியதே இல்லை. கல்யாணத்துக்கு அப்புறம் என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பத்தாவது முடித்தேன்.

எனக்கு உதவியது சத்தமாகப் படித்ததுதான். மனசுக்குள் படித்தால் தெரியாத சொல்லைத் தாண்டி ஓடிவிடுவேன். வாய்விட்டுப் படித்தால் தாண்ட முடியாது. அப்புறம், பாடப் புத்தகத்தை விட வீட்டுக்கு வருகிற காகிதங்களை எடுத்துக்கொண்டேன். ரேஷன் கடை வாசலில் ஒட்டும் அறிவிப்பு, பி.எஃப். குறுஞ்செய்தி, மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் சீட்டு. எல்லாமே சின்னச் சின்னப் பத்திதானே. எந்தத் தேதி, யார் வர வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும், வரவில்லை என்றால் என்ன ஆகும் என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். அதில் தப்பாகப் படித்தால் மறுநாள் அலைச்சல், அதனால் தானாகவே கவனம் வந்துவிடும்.

அண்ணியிடம் அவருடைய சம்பளச் சீட்டைக் கொடுத்துப் பாருங்கள். பிடித்தம் எவ்வளவு, எதற்காக, ஓவர்டைம் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அவ்வளவு ஊன்றி வேறு எதையும் படிக்க மாட்டார்.

சிப்காட் ஷிப்ட்:
அக்கா, என்.ஐ.ஓ.எஸ். பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா? என் மனைவிக்குக் கேட்கிறேன். அவரும் ஒன்பதாவதோடு நின்றவர்தான்.

வாணியம்பாடி வாசகி:
தேசியத் திறந்தநிலைப் பள்ளி. மத்திய அரசுடையது. 14 வயது முடிந்திருந்தால் பத்தாவதுக்குச் சேரலாம், மேல் வயது வரம்பு கிடையாது. ஐந்து பாடம், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். உருதுவும் எடுக்கலாம், தமிழும் எடுக்கலாம். தேர்ச்சி 33. பொதுத்தேர்வு வருடத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் மே ஒன்று, அக்டோபர் நவம்பர் ஒன்று. ஒரே மூச்சில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை. பதிவு 5 வருடம் செல்லும். அதற்குள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொள்ளலாம். கைக்குழந்தை வைத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு அதுதான் பெரிய ஆறுதல். இதோடு, வீட்டிலிருந்தே எழுதிக் கொடுக்கும் ஒப்படைப்பும் உண்டு. அதற்கும் மதிப்பெண் சேரும். உங்கள் மனைவியைக் கட்டாயம் சேரச் சொல்லுங்கள்.

சிப்காட் ஷிப்ட்:
நன்றி அக்கா. இன்றைக்கே பேசுகிறேன்.

எடிசன் வேலூரான்:
நான் சத்துவாச்சாரிக்காரன், இப்போது நியூஜெர்சி. என் மனைவியின் சித்தி இங்கே ஜி.இ.டி. எழுதுகிறார். அமெரிக்காவில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களுக்கான சமநிலைத் தேர்வு அது. மொழித்தாள் மட்டும் இரண்டரை மணி நேரம். நடுவில் 10 நிமிட இடைவேளை, 45 நிமிடம் ஒரு கட்டுரை. மதிப்பெண் 100இலிருந்து 200 வரை, 145 எடுத்தால் தேர்ச்சி. பத்திகளில் முக்கால்வாசி கதை அல்லாதவை: அறிவிப்பு, கடிதம், பழைய உரைகள், அலுவலகக் குறிப்பு இப்படி. இங்கேயும் ஆசிரியர் ஓயாமல் சொல்வது, உன் கருத்து வேண்டாம், பத்தியில் ஆதாரம் காட்டு என்பதுதான். குடியாத்தத்தில் விரல் வைக்கச் சொல்கிறார்கள் என்று படித்ததும் சித்திக்குப் போன் போட்டுச் சொன்னேன். தமிழ்ப் பத்தியில் அப்படிப் பழகிவிட்டு ஆங்கிலத்துக்குப் போகிறேன் என்கிறார்.

பேரணாம்பட்டுப் பொண்ணு:
எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. சம்பளச் சீட்டு யோசனை அபாரம். அண்ணி அரை மணி நேரம் அதிலேயே உட்கார்ந்திருந்தார். தமிழ் ஓரளவு பிடிபடுகிறது. ஆங்கிலப் பத்திக்கு என்ன செய்வது? பத்து சொல்லில் நான்கு தெரியவில்லை என்கிறார். அகராதியைப் புரட்டவே நேரம் போய்விடுகிறது.

காட்பாடி ஜங்ஷன்:
அகராதியைத் தள்ளி வையுங்கள். தேர்வு அறையில் அது இருக்காது. கேள்வியின் முதல் சொல்லை மட்டும் நன்றாகப் பழக்குங்கள். ஹூ என்றால் ஆள். வேர் என்றால் இடம். வென் என்றால் தேதியோ வருடமோ. வை என்றால் காரணம். ஹவ் மெனி என்றால் எண். வென் என்று பார்த்ததும் கண் பத்தியில் எண்களைத் தேட வேண்டும். ஹூ என்று பார்த்ததும் வரி நடுவில் பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்களைத் தேட வேண்டும். வை என்றால் பிகாஸ், ஸோ, ட்யூ டு, இந்த மூன்றில் ஒன்று பக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பதில் எழுத இன்னொரு வழி. கேள்வியையே திருப்பிப் போட்டு வாக்கியமாக்குவது. "வென் டிட் தி ட்ரெய்ன் ரீச் காட்பாடி?" என்று கேட்டால் "தி ட்ரெய்ன் ரீச்ட் காட்பாடி அட்..." என்று ஆரம்பித்துவிட்டு நேரத்தை மட்டும் பத்தியிலிருந்து எடுத்துப் போட்டால் போதும். டிட் வந்தால் அதை எடுத்துவிட்டு வினையை இறந்த காலமாக மாற்ற வேண்டும். என் தங்கைக்கு ஆங்கிலத்தில் பயம் போன இடமே இதுதான்.

மாலை வகுப்பு (குடியாத்தம்):
தெரியாத சொல்லைப் பற்றி ஒன்று. அந்தச் சொல் இல்லாமலே கேள்விக்குப் பதில் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நிறைய நேரம் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் முன்னால் பின்னால் உள்ள வரியை வைத்து, நல்லதா கெட்டதா, கூடியதா குறைந்ததா என்று ஊகித்தாலே போதும்.

கவிதையா உரைநடையா என்று இரண்டு விருப்பம் வந்தால் நான் உரைநடையைத்தான் எடுக்கச் சொல்வேன். கவிதை சின்னதாகத் தெரியும், ஆசை காட்டும். ஆனால் வாக்கியம் உடைந்து உடைந்து கிடக்கும்.

பேரணாம்பட்டுப் பொண்ணு:
பயிற்சிக்குப் பத்திகள் எங்கே எடுப்பது? நானே எழுதுவது எத்தனை நாளைக்கு?

ஆற்காட்டுத் தமிழய்யா:
ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகங்கள் அரசு பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்காதீர்கள். ஆறாம் வகுப்புத் துணைப்பாடத்தில் தொடங்கினால் படிக்கிறவருக்கு நம்பிக்கை வரும். பழைய பொதுத்தேர்வுத் தாள்களைக் கடைசி இரண்டு மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் மாவட்ட மைய நூலகம் போக முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் கேளுங்கள். நாளிதழில் உள்ளூர்ச் செய்தி, சின்னதாக வருவது, பயிற்சிக்கு ஏற்ற நீளம். தலையங்கம் வேண்டாம்.

மாலை வகுப்பு (குடியாத்தம்):
இந்த வாரத்துக்கு நான் ஒன்று தருகிறேன். அண்ணி தனியாகச் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

"பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, வாணியம்பாடிக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. அதன் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். இதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில் உள்ளது. ஆண்டின் பெரும்பகுதியில் ஆறு வெறும் மணலாகவே தெரியும். எனினும் மணலுக்கு அடியில் ஊறும் நீரைக் கிணறுகளாலும் ஊற்றுக்கால்களாலும் எடுத்துக் கரையோர ஊர்கள் பயிர் செய்தன. பிற்காலத்தில் அளவுக்கு மீறி மணல் அள்ளப்பட்டதால் அந்த நீர் குறைந்தது. தோல் தொழிற்சாலைகளின் கழிவு கலந்ததால் பல இடங்களில் அது கெட்டது."

அ. தமிழ்நாட்டுக்கு வெளியே பாலாறு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது?
ஆ. ஆற்றில் நீர் தெரியாதபோதும் கரையோர ஊர்கள் எப்படிப் பயிர் செய்தன?
இ. நிலத்தடி நீர் குறைந்ததற்கும் கெட்டதற்கும் காரணங்கள் யாவை?
ஈ. பொருத்தமான தலைப்பு தருக.

பேரணாம்பட்டுப் பொண்ணு:
அண்ணி எழுதியது, அவர் கைப்படவே:

அ. "தமிழ்நாட்டுக்கு வெளியே பாலாறு 126 கிலோமீட்டர் ஓடுகிறது."
ஆ. "மணலுக்கு அடியில் ஊறும் நீரைக் கிணறுகளாலும் ஊற்றுக்கால்களாலும் எடுத்துப் பயிர் செய்தன."
இ. "மணல் அள்ளியதாலும் கழிவு கலந்ததாலும் நீர் குறைந்து கெட்டது."
ஈ. "பாலாறும் அதன் நிலத்தடி நீரும்."

முதல் கேள்விக்கு விடை பத்தியில் இல்லையே என்று கொஞ்ச நேரம் தேடினாராம். அப்புறம் இரண்டு எண்ணும் கண்ணில் பட்டதும் கழித்துப் பார்த்திருக்கிறார். தோல் கழிவு வரியைப் படித்துவிட்டு, அம்மா வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் எப்படி மாறியது என்று நிறையப் பேசினார். ஆனால் அதில் ஒரு வரி கூட விடைத்தாளில் எழுதவில்லை, கவனித்தீர்களா?

மாலை வகுப்பு (குடியாத்தம்):
கவனித்தேன். மனசு நிறைந்துவிட்டது என்று அவரிடம் சொல்லுங்கள். கோட்டைப் பத்திக்கு எழுதியதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அ, ஆ, ஈ மூன்றும் முழு மதிப்பெண். அ கேள்வியை வேண்டுமென்றேதான் வைத்தேன். விரல் ஓரிடத்தில் இல்லாமல் இரண்டு இடத்தில் வைக்க வேண்டிய கேள்விகளும் வரும்.

இ மட்டும் திருத்த வேண்டும். குறைந்ததற்கு ஒரு காரணம், கெட்டதற்கு வேறு காரணம். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். "அளவுக்கு மீறி மணல் அள்ளப்பட்டதால் நீர் குறைந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததால் நீர் கெட்டது." இப்படி இரண்டு வாக்கியமாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். கேள்வியில் "உம்" இரண்டு தடவை வந்தால் பதிலிலும் இரண்டு வாக்கியம் வேண்டும்.

அடுத்த வாரம் இதே நீளத்தில் ஓர் ஆங்கிலப் பத்தி போடுகிறேன். காட்பாடித் தம்பி, கேள்விகளை நீங்கள் எழுதுகிறீர்களா?

காட்பாடி ஜங்ஷன்:
எழுதுகிறேன் அக்கா. ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே போட்டுவிடுகிறேன். சிப்காட் அண்ணாவின் வீட்டிலிருந்தும் விடை வரட்டும்.

சிப்காட் ஷிப்ட்:
வரும். பாலாற்றுப் பத்தியை இன்று இரவே கொடுக்கப்போகிறேன்.